பதினேழாம் எண் டேப்

அண்ணி கையெழுத்துப் போடும்போது இடது கையை விரித்துத் தாளை மறைத்துக்கொள்வார். எங்கள் வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நான் ஏழு. "எங்க வீட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேரையும் கூட்டினா பன்னெண்டாம் கிளாஸ்" என்று அண்ணன் கேலி செய்வார்.

இருவருக்கும் ஒரே பள்ளியில் வேலை. நான் தரை துடைப்பேன். அண்ணி டேப் அலமாரியைப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் திரையைத் தொட்டுக் கணக்குப் போடும் நாற்பது டேப், ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் எண். காலையில் கொடுத்து, மாலையில் வாங்கித் துடைத்து, சார்ஜரில் மாட்டிப் பூட்டவேண்டும்.

வகுப்பில் மேசைமேல் முழங்கை உயரத்துக்கு ஒரு ரோபோ. பிள்ளைகள் அதைக் குட்டி சார் என்பார்கள். டேப்பில் யார் எங்கே தப்புப் போடுகிறார்கள் என்று பார்த்து அதற்கேற்ற கணக்கைக் கொடுக்கும். நன்றாகப் போட்டவரை எழுப்பி மற்றவர்களுக்கு விளக்கச் சொல்லும்.

பதினேழாம் எண் சிறுமி மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் படுத்திருந்தாள். விடுப்பில் இருப்பவர்கள் டேப்பை வீட்டுக்கு வாங்கிப்போகலாம். அவள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

ஒரு நாள் பள்ளி விட்டபின் நான் உள்ளே போனபோது, அந்த டேப் அண்ணியின் மடியில் இருந்தது. முக்காலில் பாதி எவ்வளவு என்று அது கேட்டுக்கொண்டிருந்தது.

"தப்பாப் போட்டாலும் திட்ட மாட்டேங்குதும்மா. மறுபடி பார்க்கலாமான்னு கேக்குது. உங்கண்ணன் ஒரு தடவையாவது இப்படிக் கேட்டிருப்பாரா?"

"யாராவது பார்த்துடப் போறாங்க அண்ணி."

"பார்த்தா பார்க்கட்டும். இங்க வா, இந்த முக்கால்ல பாதி எனக்குப் பிடிபடல."

எட்டில் மூன்று என்று நான் போட்டேன். சரி என்றது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறகு தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். பாதிக் கணக்கு அண்ணி, பாதி நான். இது யார் கணக்கில் சேரும் என்று எனக்கு ஒருமுறை தோன்றியது. அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன்.

சிறுமி திரும்பி வந்த அன்று குட்டி சார் அவளைத்தான் எழுப்பியது. பின்னக் கணக்கில் நீங்கள்தான் முதல், பலகைக்கு வந்து விளக்குங்கள் என்றது. பேனாவைப் பிடித்தபடி நின்றாள். ஒன்றும் எழுத வரவில்லை.

"வீட்ல யாரு போட்டுக் கொடுத்தது?" என்றார் டீச்சர்.

"நாங்க டேப்பே வாங்கலை டீச்சர்."

"அப்ப கணக்கு தானாப் போட்டுக்கிச்சா?" டீச்சர் அலமாரிப் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா, இவங்க வாங்கிட்டுப் போனாங்களா இல்லையா?"

அண்ணி ஒயரைச் சுற்றிக்கொண்டே, "ஞாபகமில்ல டீச்சர்" என்றார்.

சிறுமி அழவில்லை. அண்ணியையே பார்த்தாள். பொய் வேறு சொல்கிறாயா, நாளைக்கு அம்மாவோடு வா என்றார் டீச்சர். நான் வாசலில் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

பஸ் நிறுத்தத்தில்தான் அண்ணி பேசினார். "நாளைக்குச் சொல்லிடறேன்."

"வேலை போயிடும் அண்ணி."

"போனாப் போகுது. அந்தப் புள்ள மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்குது. உன்னை இழுக்க மாட்டேன், பயப்படாத."

நானும் வருகிறேன் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். "சரி அண்ணி" என்றேன்.

மறுநாள் சிறுமியின் அம்மா வந்ததும் அண்ணி முன்னால் போய் நின்றார். "பாப்பா பொய் சொல்லலை. நான்தான் போட்டேன். எல்லாமே நான்தான்."

"அப்ப ஃபர்ஸ்ட் ரேங்க் ஆயாம்மாவுக்கா?" என்றான் பின்பெஞ்சில் ஒருவன். வகுப்பே சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. "நேத்து இவளை அடிச்சிட்டேனேம்மா" என்று மட்டும் சொன்னார். அண்ணியின் தலை நிமிரவே இல்லை. நான் வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிறுமியின் பாடத்தை அவள் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கிவைத்தார்கள். அண்ணியை வேலையை விட்டு நீக்கவில்லை, கழிப்பறைக்கு மாற்றினார்கள். அலமாரிக்கு என்னைப் போட்டார்கள்.

இது நடந்து எட்டு மாதமாகிறது. பதினேழாம் எண் டேப்பைத் தினமும் காலையில் நான்தான் அவளிடம் எடுத்துக் கொடுக்கிறேன். பாதிக் கணக்கு என்னுடையது என்று அவளிடமும் சொல்லவில்லை, டீச்சரிடமும் சொல்லவில்லை.