குறுக்கே நின்ற ராயம்மாள் அக்கா

ஒருமுறை மழையில் பூசைக்குப் போகும்போது என் செருப்பு அறுந்துவிட்டது. ராயம்மாள் அக்கா தன் செருப்பை என் காலருகே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு முன்னால் நடந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "அது என் கால கடிக்குது" என்றார். என் காலை அது கடிக்கவே இல்லை.

அக்கா செஞ்சிக் கோட்டை வாசலில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றார். அவரிடம் மல்லாட்டைக்குப் பேரம் பேசுவதற்குப் பதில் கோட்டையையே விலைக்குக் கேட்டுவிடலாம். அவர் கணவர் சாலமன் இடுப்பு விழுந்து கட்டிலோடு கிடந்தார். மாதா தேர் தன் வாசலுக்கு வரவேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு ஆசை. ஆனால் எங்கள் பின்தெருவுக்குள் தேர் வராது. கரண்டு கம்பி தாழ்வு என்று திருவிழாக் கமிட்டி சொல்லும். அதே கம்பிக்கு அடியில் வைக்கோல் லாரி போகும், ஓட்டுக் கேட்கிற வண்டியும் போகும். மாதாவுக்கு மட்டும்தான் தாழ்வு. ஆண்டவரே மன்னியும்.

அந்த வருடத் திருவிழாவில் தேர் எங்கள் தெருமுனைக்கு வந்து, வழக்கம்போலப் பெரிய தெருப் பக்கம் திரும்பப் பார்த்தது. அந்த வழியை மறித்து அக்கா நின்றார். கையில் கம்பியைத் தூக்கிப்பிடிக்க ஒரு மூங்கில் கழி.

"யக்கா, நகரு. சாமி குத்தம் ஆயிடும்," என்றார் கமிட்டித் தலைவர் லாரன்ஸ்.

"சாமிய எவ மறிச்சா? உன்னதான் மறிக்கிறேன் லாரன்சு."

தமிழில் திட்டி அலுத்துப்போன லாரன்ஸ் பங்குச் சாமியாரிடம் திரும்பினார். "இந்தப் புடிவாதத்துக்கு இங்கிலீசுல இன்னா சாமி பேரு?"

சாமியாருக்குப் பாடம் நடத்தும் ஆசை வந்துவிட்டது. "ஆப்ஸ்டினேட்! லத்தீன்லேருந்து வந்த வார்த்தை. எதிர்ல அசையாம நிக்கிறதுன்னு அதோட வேர்ல இருக்கு."

"அது திட்டா சாமி? சிலுவகிட்ட மாதா அப்படித்தான நின்னாங்க?" என்றார் அக்கா.

சாமியார் கையிலிருந்த செபமாலையைப் பார்த்துக்கொண்டார்.

"தேரப் பின்னால தள்ளுங்கடா," என்றார் லாரன்ஸ். யாரும் கை வைக்கவில்லை. புறப்பட்ட தேர் பின்னால் போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதை யாரும் மீறக்கூடாதென்று கமிட்டியில் தீர்மானம் போட வைத்தவரே லாரன்ஸ்தான். முன்னால் அக்கா, பின்னால் தீர்மானம். மிச்சம் இருந்தது எங்கள் தெரு.

கம்பியின் இத்தனை வருட ஆபத்து ஒரு மூங்கில் கழிக்கு ஒதுங்கியது. கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டோம். சாலமன் அழுதுகொண்டே தேர்மேல் நேர்த்திக்கடனாக உப்பும் மிளகும் வீசினார். பாதி லாரன்சின் புதுச் சட்டையில் விழுந்தது.

கிறிஸ்துமசுக்கு முன்பே சாலமன் நிம்மதியாகக் கண்மூடினார். அக்கா ஆரணியிலிருக்கும் மகள் ஜெயராணி வீட்டுக்குப் புறப்பட்டார். அங்கேயே அக்கா காய்ச்சலில் இறந்துபோனதால், நான் பஸ் ஏற்றிவிட்ட அன்றுதான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அவுரு இல்லன்னு லாரன்சு தேர மறுபடி அந்தப் பக்கம் திருப்புவான். ஒரு போன் போடு. பஸ் ஏறிடறேன்."