அத்தையின் விரல் நீண்ட நாள்

எங்கள் தெருவில் என் அத்தையைக் "காஜா அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டையில் பட்டன் நுழையும் துளையைச் சுற்றி நூலால் கட்டுவதற்குக் காஜா என்று பெயர். அதற்கு மெஷின் வந்த பிறகும் அத்தை கையால்தான் கட்டுவார். அப்பாவுக்கு அக்கா. எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மெஷினோடு இருக்கிறார்.

ஏழு வருடமாக அவருக்கு முடக்குவாதம். காலையில் விரல்கள் மடங்கியபடியே இருக்கும்; தண்ணீர் டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் இடுக்கித் தூக்குவார். தினம் ஒரு மாத்திரை போட்டால் விரல் நீளும். ஆனால் ஒரு மாத மாத்திரைக்கு அவருடைய ஒரு மாதக் கூலி போதாது. அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவார். அவசரத் துணி வந்தால் மட்டும் தினமும்.

"வலிக்கிற அன்னிக்குப் போட்டுக்கக் கூடாதா அத்தை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"துணிக்குப் போட்டா, துணி அடுத்த மாத்திரைய வாங்கிக் குடுக்கும். வலி என்னத்தடி வாங்கிக் குடுக்கும்?" என்று சிரித்தார்.

இந்த வருடம் பெரிய ஆஸ்பத்திரியில், கை முடங்கியவர்களுக்கு அந்த மாத்திரையை இலவசமாகத் தரப்போவதாகச் சொன்னார்கள். டாக்டர் நேரில் பார்த்துத் தீர்மானிப்பார். மனு எழுதியது நான். பள்ளி முடித்துச் சும்மா இருந்ததால் கூடப் போனதும் நான்தான்.

அத்தை செய்து வைத்திருந்த காரியம் அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வரச்சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்பிருந்தே, மிச்சமிருந்த மாத்திரைகளைத் தினமும் போட்டிருக்கிறார். நூல் தொங்க, கசங்கலாக ஒரு துணியை யாரிடமும் கொடுத்துப் பழக்கமில்லாதவர். தன்னையும் அப்படிக் கசங்கலில்லாமல் தயார் செய்துகொண்டு வந்திருந்தார்.

"விரலை மடக்கி நீட்டுங்கம்மா" என்றார் டாக்டர். அழகாக மடக்கி நீட்டினார். என்ன வேலை என்று கேட்டதற்கு, தான் காஜா கட்டிய சட்டையொன்றைப் பையிலிருந்து எடுத்தே காட்டிவிட்டார்.

"கையால கட்டினதா? மெஷினே தோத்துடும் போலிருக்கே!"

அத்தையின் முகம் மலர்ந்தது. நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

"ஏண்டி மிதிக்கறே?" என்றார், சத்தமாகவே.

"சார், இது பத்து நாள் விடாம மாத்திரை போட்ட கை. போன மாசம் பாத்திருந்தீங்கன்னா..." என்றேன் நான்.

"இன்னைக்குப் பாக்கறதத்தாம்மா நான் எழுத முடியும்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. "ஆறு மாசம் கழிச்சு மறுபடி மனு போடுங்க."

பஸ்ஸில் அத்தை சட்டையை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு கேட்டார்:

"அப்போ மாத்திரையே போடாம இருந்து, கை நல்லாக் கோணினப்புறம் வந்தா குடுப்பாங்களா?"

"ஆமா அத்தை."

"கோணின கை அதுக்கப்புறம் நிமிருமா?"

நிமிராது என்று போன வருடமே இன்னொரு டாக்டர் சொல்லியிருந்தார்.

வீட்டில் ஒரு மாத்திரைகூட மிச்சமில்லை; வாங்கப் பணமும் இல்லை. மூன்றாவது வாரம், குளியலறைத் தாழ்ப்பாளை உள்ளிருந்து முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தார் அத்தை.

"இன்னைக்குக் கூப்பிட்டிருந்தா பாஸாயிருப்பேன்டி" என்று குரல் வந்தது.

நான் வெளியே நின்று கதவைத் தள்ளிக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாள் அவர் பக்கம் இருந்தது.