கையில் போட்டுப் பார்த்தது

பன்னீரில் குழைத்த முல்தானி மட்டி முகத்தில் காயும்போது ஒரு வாசனை வரும். மழை வாசனை என்பார்கள். இல்லை. புதிதாகப் பூசிய சுவரின் வாசனை அது. இன்னும் யாரும் குடிவராத வீட்டின் வாசனை. போன வாரம் எங்கள் அடுக்குமாடியில் யார் வீட்டுக் குளியலறை ஜன்னல் வழியாகவோ அது படிக்கட்டுக்கு இறங்கி வந்தது. காய்கறிப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். மேலே ஒரு பெண் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஃபேஸ் பேக் போட்டால் சிரிக்கக் கூடாது. சிரித்தால் கன்னம் ஏரி மண் மாதிரி வெடித்துவிடும்.

நாங்கள் சிரிப்போம்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. செம்பாக்கத்தில் அப்போது பாதி மனைகளில் செங்கல்தான் குடியிருந்தது. எனக்கு இருபத்தாறு வயது. சிறுசேரியில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலை: ஒருவர் எழுதிய புரோகிராம் வெளியே போவதற்குள் அதை எப்படியெல்லாம் உடைக்கலாம் என்று பார்க்கிற வேலை. அவள் அடுத்த தெரு. ஆறாம் வகுப்பிலிருந்து தோழி. அவளுடைய அப்பாவுக்கு, அத்தா என்றுதான் கூப்பிடுவாள், மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் ஆறடி அகலத்தில் ஒரு அத்தர் கடை. கண்ணாடி அலமாரி, விரல் நீளக் குப்பிகள், பருத்திப் பஞ்சு. கல்லூரி முடித்த நாளிலிருந்து பிற்பகலில் அவள்தான் கடையில் இருப்பாள். எங்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை இருந்தது. அவள் மூக்கு, நான் தோல்.

சாயங்காலங்களில் ஏரிக்கரையில் நடப்போம். துப்பட்டா முடிச்சிலிருந்து அவள் ஒரு குப்பியை எடுப்பாள். என் புறங்கையில் ஒரு துளி.

"தேய்க்காதடி. தேய்ச்சா செத்துடும்."

"எது?"

"வாசனைதான். நீ சாக மாட்டே, கவலப்படாத."

மருக்கொழுந்து, வெட்டிவேர், மழைக்கு முன்னால் கனத்த மல்லி, கஸ்தூரி என்ற பெயரில் வரும் ஏதோ ஒன்று. நான் உடனே மூக்கைக் கொண்டுபோவேன். அவள் என் கையைத் தட்டிவிடுவாள். "மொதல்ல வர்றது விளம்பரம். அர மணி நேரம் போவட்டும், அப்ப வருது பாரு, அதுதான் சரக்கு." அரை மணி நேரம் நடப்போம். விமானப் படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் திரும்பத் திரும்பச் சுற்றும். கடைசியில் அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். முதலில் பூவாக இருந்தது எப்போதோ மரமாகியிருக்கும், அல்லது எண்ணெயாக, அல்லது ஒன்றுமில்லாததாக.

ஞாயிற்றுக்கிழமைகள் என்னுடையவை. அவர்கள் வீட்டு மாடி அறையில் பாய் விரித்து, தலையில் துண்டு கட்டி, இருவரும் மல்லாந்து கிடப்போம். மொட்டை மாடியில் காயவைத்து அரைத்த ஆரஞ்சுத் தோல். பப்பாளி. தயிரில் கடலை மாவு. ஒருமுறை முட்டையின் வெள்ளைக் கரு. "மூஞ்சில ஆம்லெட்ட ஊத்திட்டு சிரிக்காதங்கறே. இன்னா அநியாயம் இது!" என்று மெட்ராஸ் பாஷையை வேண்டுமென்றே எடுத்துக்கொள்வாள். என் கன்னம் விரிசல் விடும்.

ஆனால் எதை எடுத்துப் போனாலும் கிண்ணத்தில் விரல் வைப்பதற்கு முன்னால் அவள் ஒரு கேள்வி கேட்பாள்.

"உன் கைல போட்டுப் பாத்துட்டியா?"

அது என் சட்டம். இடது மணிக்கட்டின் உள்பக்கத்தில் மூன்று நாள். எரியாமல், தடிக்காமல், அரிக்காமல் இருந்தால்தான் முகம். கம்பெனி வாசலில் அடையாள அட்டையைக் காட்டுவதுபோல மணிக்கட்டைத் திருப்பிக் காட்டுவேன். காவலாளி மாதிரியே பார்த்துவிட்டு, "சரி, உள்ள போ" என்பாள்.

அந்த வருடம் வாணியம்பாடியிலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார். அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, போனில் ஒரே ஒருமுறை பேசினார்கள். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று அவர் கேட்டாராம். இவள் யோசிக்காமல் "வாசனை" என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்களாம். அவரோ, எங்கள் வீட்டில் வாசலை ஒட்டி ஒரு அறை சும்மா கிடக்கிறது, தெருவைப் பார்த்து ஜன்னல், குப்பிகளை அங்கே வைத்துக்கொள்ளலாமே என்றாராம்.

இதை என்னிடம் நாற்பது தடவையாவது சொல்லியிருப்பாள். "வாசல் ரூம்டி. தெருவப் பாத்து ஜன்னல்." அவருடைய முகத்தைப் பற்றி ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அந்த ஜன்னலைத்தான் அவள் காதலித்தாள்.

பெண் பார்க்க அவருடைய அம்மாவும் அக்காவும் வந்தார்கள். பிடித்திருந்தால் பையனின் அம்மா பெண்ணின் வாயில் சர்க்கரை ஊட்டுவது அவர்கள் வழக்கம். சர்பத் குடித்தார்கள். வீட்டைப் பார்த்தார்கள். "பொண்ணுகிட்ட கொறையொண்ணும் இல்ல. கலருதான் கொஞ்சம்..." என்று அந்த அம்மா வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டு எழுந்துகொண்டார்கள். ரெண்டு மாசம் கழித்து மறுபடி வருகிறோம், அப்போது பேசலாம் என்றார்கள். சர்க்கரைக் கிண்ணம் மூடியது மூடியபடி உள்ளே போயிற்று.

அன்றே அவள் என் வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"ரெண்டு மாசம் இருக்கு. உன் கைவரிசையக் காட்டு."

ஃபார்முலா எனக்குக் கம்பெனி பஸ்ஸில் கிடைத்தது. ஏசி பஸ், ஜன்னல் திறக்காது. நாற்பது பேரின் வாசனைத் திரவியங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கும். பின் சீட்டில் ஒருத்தி மூன்றே வாரத்தில் நிலவு மாதிரி ஆகியிருந்தாள். கேட்டதும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். கடையில் விற்கும் சிவப்பழகு க்ரீம் ஒரு பங்கு. மெடிக்கலில் கிடைக்கும் ஒரு டியூப், அதில் ஒரு பங்கு. விட்டமின் மாத்திரை இரண்டை ஊசியால் குத்திப் பிதுக்கிவிட வேண்டும். எந்தப் பார்லரிலோ யாரோ சொன்னது, கை மாறிக் கை மாறி வந்திருந்தது. டாக்டர் சீட்டு வேண்டாமா அண்ணா என்று மெடிக்கலில் கேட்டேன். "இதுக்கெல்லாம் இன்னாத்துக்கும்மா சீட்டு? தெனம் பத்து பேரு வாங்கிகினு போறாங்க."

கல்யாண விஷயம். எனவே மூன்று நாள் போதாது என்று பத்து நாள் மணிக்கட்டில் போட்டேன். எரியவில்லை. அரிக்கவில்லை. பத்தாவது நாள் அந்த இடம் மெழுகு மாதிரி பளபளத்தது. என் கையே என் கையில்லை என்பதுபோல அடிக்கடி தொட்டுப் பார்த்தேன். என் முகத்தில் ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவசரம் இல்லை. யாரும் என்னைப் பார்க்க வரவில்லை. அவளுக்கு எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

வெள்ளை டப்பாவில் அடைத்து எடுத்துப் போனேன்.

"உன் கைல போட்டுப் பாத்துட்டியா?"

மணிக்கட்டைத் திருப்பினேன். அவள் குனிந்து பார்த்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். "ஏய், குழந்தத் தோலு மாதிரி இருக்குடி" என்றாள்.

இரண்டு வாரத்தில் அவள் முகம் உள்ளே விளக்கேற்றியது மாதிரி ஆனது. கடைக்கு வருகிறவர்கள், என்ன அத்தர் போடுகிறாய் என்று கேட்டார்களாம், வெளிச்சத்துக்கும் வாசனை உண்டு என்பதுபோல. இரண்டு மாதம் கழித்துச் சொன்னபடி வந்தார்கள். அந்த அம்மா அவள் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார்கள். அப்புறம் சர்க்கரை. சிரிக்கும்போது அவள் உதட்டோரம் ஒட்டியிருந்த நான்கு சர்க்கரைத் துகள்களை நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வெற்றி என்றுதான் நினைத்தேன். ரம்ஜான் முடிந்து நிக்காஹ் என்று பேசிக்கொண்டார்கள்.

நிச்சயம்தான் ஆகிவிட்டதே, போதும் என்று அவள் க்ரீமை நிறுத்தினாள். நான்காம் நாள் கன்னம் சிவந்தது. ஆறாம் நாள் சின்னச் சின்னக் கொப்புளங்கள். என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். அழகுக் குறிப்புகள் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு விளக்கம் என்னிடம் தயாராக இருந்தது.

"அழுக்கு வெளிய வருதுடி. இப்ப நிறுத்தக் கூடாது. விடாம போடு."

போட்டாள். இரண்டே நாளில் எல்லாம் அடங்கியது. பார்த்தாயா என்றேன். பார்த்தேன் என்றாள். இன்னும் இரண்டு மாதம் அப்படியே போனது. நிறுத்தினால் கொப்புளம், போட்டால் பளபளப்பு. பிறகு போட்டாலும் அடங்கவில்லை. கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி நரம்புகள் கிளைவிட்டன. காதோரத்திலிருந்து தாடை வரைக்கும் பூனைமுடி அடர்ந்தது. வெயில் பட்டால் மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி எரிகிறது என்று அழுதாள். கண்ணீர் வழிந்த இடம் அதைவிட எரிந்தது. அதனால் அழுவதையும் நிறுத்தினாள்.

சேலையூரில் ஒரு தோல் டாக்டர். நடுத்தர வயதுப் பெண்மணி. நாங்கள் இருவரும்தான் போனோம். டப்பாவைத் திறந்து பார்த்தார். என்னென்ன கலந்தது என்று கேட்டுக்கொண்டார்.

"இது அழகு க்ரீம் இல்லம்மா, மருந்து. ஸ்டீராய்டு. சொறிக்குப் போடறது, அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். நாலு மாசமா மூஞ்சில போட்டிருக்கே. தோலு காகிதம் மாதிரி ஆயிடுச்சு. யார் சொல்லிக் குடுத்தது?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என் இடது கையை நான் தொடைக்கு அடியில் வைத்திருந்தேன்.

"பார்லர்ல, டாக்டர்" என்றாள் அவள்.

"எந்தப் பார்லர்?"

"இப்ப அது இல்ல. மூடிட்டாங்க."

டாக்டர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். ஒரு வருடம் ஆகலாம், இரண்டு வருடம்கூட ஆகலாம், முழுதாகச் சரியாகுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். வெயில் கூடாது. முகத்தில் எதுவும் கூடாது, சோப்புகூட. வாசனைப் பொருள் கழுத்துப் பக்கம்கூட வேண்டாம். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். ஏன் அப்படிச் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

அளவு ஜாக்கெட் வாங்க வந்த மாப்பிள்ளையின் அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். ஒரு வாரத்தில் போன் வந்தது. பொண்ணுக்கு ஏதோ நோய், மறைத்துவிட்டீர்கள் என்றார்கள். வாத்தியார் பேசவே இல்லை. ஜன்னல் வைத்த அறையைப் பற்றி அதற்குப் பிறகு அவள் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. "கொஞ்ச நாள் கடப் பக்கம் வேணாம்மா, வர்றவங்க கேக்கறாங்க" என்று அத்தா அவளிடம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நான் போகும்போதெல்லாம் அவள் அம்மா எனக்கு டீ கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பார்லர்காரியைச் சபித்தார்கள். "அவ கை வெளங்குமா? அவ வீட்ல பொம்பளப் புள்ள இருக்காதா? நீயே சொல்லு." நான் டீயைக் குடித்தேன். டம்ளரை வலது கையில் பிடித்துக் குடித்தேன். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று போவேன். டீ ஆறுவதற்குள் எழுந்துவிடுவேன்.

கடைசியில் அவளைத் திருச்சியில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்புவதாக முடிவாயிற்று. அங்கே யாருக்கும் முன்பிருந்த முகம் தெரியாது.

காலை வண்டி. தாம்பரம் ஸ்டேஷன் நடைமேடையில் வெயில் பாதி ஏறியிருந்தது. அவளும் அவள் அம்மாவும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஜன்னலோரம் அவள், துப்பட்டாவின் இரு ஓரங்களையும் கன்னத்தின் மேல் இழுத்துப் பிடித்தபடி. நான் கம்பிகளுக்கு வெளியே நின்றேன். இவ்வளவு அருகில் நின்றும் அவளிடமிருந்து எந்த வாசனையும் வரவில்லை. பதினைந்து வருடத்தில் அதுதான் முதல் தடவை.

வண்டி சில நிமிடம்தான் நிற்கும். இதற்குமேல் முடியாது என்று எனக்குத் தோன்றியது.

"ஆண்ட்டி," என்றேன். "அந்த க்ரீம்..."

"அம்மா, தண்ணி பாட்டில மேல பையில வச்சுட்டியா? எடு," என்றாள் அவள். என்னைப் பார்க்காமல்.

அவள் அம்மா எழுந்து மேலே பையைத் துழாவினார்கள். சொல்ல விடாமல் அவள் என்னைக் காப்பாற்றினாளா, அல்லது சொல்லிவிட்டு இறக்கிவைக்கிற நிம்மதி எனக்குக் கிடைக்கக் கூடாது என்று நினைத்தாளா? இருபது வருடமாகப் புறங்கையில் விழுந்த துளி மாதிரி அதை முகர்ந்துகொண்டிருக்கிறேன். அரை மணி நேரம் எப்போதோ கடந்துவிட்டது. இன்னும் எதுவென்று பிடிபடவில்லை.

நான் ஒரு குடை வாங்கி வந்திருந்தேன். உள்ளே வெள்ளி நிறம் பூசிய கறுப்புக் குடை. வெயில் துளிகூட இறங்காது என்று கடைக்காரர் சொன்னார். அதை ஜன்னல் கம்பி வழியாக நீட்டினேன். இடது கையால் நீட்டியிருக்கிறேன். சட்டைக் கை மேலே ஏறி, மணிக்கட்டின் உள்பக்கத்தில் இன்னமும் மினுங்கிக்கொண்டிருந்த அந்தச் சிறிய வெள்ளைத் திட்டு வெயிலில் தெரிந்தது.

வண்டி அசைந்தது. அவள் குடையை வாங்கி மடியில் வைத்தாள். துப்பட்டாவை விட்டுவிட்டாள். முழு முகத்தோடு என்னைப் பார்த்தாள்.

"உன் கைல போட்டுப் பாத்துட்டியா?"