பெரிய சிலுவையடியில்

எழுபதுகளில் சின்னக்கானல் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டுக்குக் கிறிஸ்துமஸைவிடப் பெரிய நாள், இறந்தவர்களுக்காக வேண்டும் கல்லறைத் திருநாள்தான். ஞானஸ்நானம் பெற்ற பச்சைக்குழந்தை நேரே மோட்சத்துக்குப் போய்விடும், அதற்காக வேண்டத் தேவையில்லை என்று ஞானோபதேச வகுப்பில் படித்ததை அம்மாவிடம் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எட்டு மாதத்தில் இறந்துபோன என் தம்பிக்கு அவள் மெழுகுவர்த்தி ஏற்றாத வருடமே இல்லை.

தோட்டத்துக் கல்லறைகளுக்குக் கல் கிடையாது. ஒரு மண்மேடு, தலைமாட்டில் டீப்பெட்டிப் பலகையில் அடித்த சிலுவை, அவ்வளவுதான். பெருமழையில் சிலுவைகள் சாய்ந்துவிடும். மழை விட்டதும் கோயில் உபதேசியார் தன் ஞாபகத்தில் உள்ளபடி எடுத்து நட்டுவைப்பார். அவருடைய ஞாபகத்தை யாரும் சந்தேகித்ததில்லை.

கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு பெரிய சிலுவை நின்றது. தங்கள் ஆட்களைப் புதைத்த இடம் தெரியாதவர்கள் அதன் அடியில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அதைக்கூடவா மறப்பார்கள் என்று எனக்கு அவர்கள்மேல் ஓர் இளக்காரம்.

நான் ஆறாவது படித்த வருடம், திருநாள் காலைப் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனால், எங்கள் மேட்டில் கீழ் லயத்து வீட்டுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"எந்திரிம்மா, இது எம் மவன் கெடக்குற எடம். எட்டு மாசப் புள்ள" என்றாள் அம்மா.

அவள் எழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மண் அப்பிய, கைக்குழந்தைக்குப் போடும் கருவளையல்.

"எம் பொண்ணப் பொதச்ச அன்னைக்கு அடையாளத்துக்குத் தலமாட்டுல சொருகி வச்சேன்க்கா. மழையில சிலுவை போயிருச்சு. மூணு வருசமா ஒவ்வொரு மேடாத் தேடுறேன். பெரிய சிலுவையடியிலதான் ஏத்திட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் கெடச்சா."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் வளையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொண்டுவந்த இரண்டு மெழுகுவர்த்திகளில் ஒன்றை அந்தக் குழந்தையின் தலைமாட்டில் ஏற்றிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெரிய சிலுவைக்குப் போனாள். அங்கே நிற்க எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அப்படியானால் தம்பி எங்கே?

சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொருவரிடமும் யாருக்காக என்று கேட்டு வேண்டுவது வழக்கம். எங்களிடமும் கேட்டார்.

"யாருக்கும்மா?"

அம்மா குனிந்து, மீதியிருந்த மெழுகுவர்த்தியை ஏற்றினாள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மூன்று வருடம் தேடிக் கண்டுபிடித்த மேட்டை விட்டுவிட்டு அந்தப் பெண் எங்களோடு வந்து நின்றிருந்தாள்.

"ஆம்பளப் புள்ள, சாமி. எட்டு மாசம்."