கூரையிலிருந்து வந்த சட்டை

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரப்பாக்கத்து மாடி அறையில் இருந்தவர்கள் நான், என் அறைத்தோழன், கல்பாக்கத்திலிருந்து கேமராவோடு வந்த நண்பன், கண்ணாடித் தொட்டிக்குள் மணப்பெண், ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் மாப்பிள்ளை. வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் மாப்பிள்ளையை பஸ்ஸில் கொடுத்தனுப்பிய மாமல்லபுரத்து லாட்ஜ்காரர். ஞாயிறு அவருக்கு வியாபார நாள். இன்னொருவர் எங்கள் வீட்டுக்காரர். நாங்கள் மீன் வளர்க்கிறோம் என்று நம்பி, மாதாமாதம் அதற்குத் தனியாகத் தண்ணீர்க் காசு வாங்கிக்கொண்டிருந்தார். மீன் இல்லை என்றால் வேறென்ன என்று சொல்ல வேண்டிவரும். அதனால் கொடுத்துவந்தோம்.

நாங்கள் வளர்த்தது டரான்டுலா. விரித்த உள்ளங்கையை மூடும் அளவுக்கு வளரும் எட்டுக்கால் பூச்சி. மரப்பொந்திலும் பழைய கூரையிலும் வாழும் நம்மூர் உயிர்தான். கம்ப்யூட்டர் வேலைக்குப் போய், ஆபீஸ் இன்டர்நெட் கைக்கு வந்த பிறகுதான், இதை ஆசையாக வளர்ப்பவர்கள் இருப்பதும், அவர்களுக்கென்று ஒரு மெயில் குழு இருப்பதும் எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் தெருவில் எட்டுக்கால் பூச்சியைக் கண்டால் துடைப்பத்தைத் தேடுவார்கள். நான் அதற்கு லத்தீன் பெயர் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அம்மாவிடம் சொன்னபோது, "இதுக்கா படிக்க வெச்சேன்?" என்று கேட்டதோடு சரி.

அறைத்தோழன் கரூர்க்காரன். மெயில் குழுவில் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. ஓர் ஆண் பூச்சியை வருஷம் முழுக்கப் பெண் என்று சொல்லி வளர்த்து, அதற்கு மாப்பிள்ளை தேடி விளம்பரமும் போட்டவன் அவன். அன்று முதல் குழுவில் அவன் 'தரகர்'. அந்தப் பெயரை அழிப்பதற்காகத்தான் இந்தக் கல்யாணம். சுத்தமான ஒரே இனத்துக் குஞ்சுகள் எடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தருவதாக அறிவித்திருந்தான். கோயம்புத்தூர் பல் டாக்டர் முதல் பெங்களூர் மாணவர் வரை ஆளுக்கு நாலு, ஐந்து என்று முன்பதிவும் ஆகிவிட்டது.

இந்தப் பொழுதுபோக்கில் பெரிய குற்றம் கலப்பு. ஓர் இனத்தை இன்னொன்றோடு சேர்த்துவிட்டால், குஞ்சுகள் கைமாறிக் கைமாறி எது எந்த இனம் என்றே தெரியாமல் போய்விடும். மேலிருந்து பார்த்தால் இந்தப் பூச்சிகள் எல்லாம் ஒரே சாம்பல் கோலம். கால்களின் அடிப்பக்கத்தில் எங்கே கறுப்புப் பட்டை, எங்கே வெளுப்பு என்று பார்த்தால்தான் இனம் தெரியும்.

மாப்பிள்ளையோ டப்பாவுக்குள் தேங்காய் நாருக்கடியில் புகுந்துகொண்டு அடிப்பக்கத்தைக் காட்ட மறுத்தார். ஆனால் கூடவே ஒரு சட்டை வந்திருந்தது. பாம்பு போல இதுவும் வளர வளரத் தோலுரிக்கும். உரித்த சட்டையில் கால் பட்டைகள் அப்படியே இருக்கும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, இட்லித் தட்டில் மல்லாக்க விரித்து, பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு காலாக நீவிப் பார்த்தோம். எங்கள் பெண்ணின் பட்டையும் அதுவும் அச்சு அசலாக ஒன்று.

"பாத்தியா, மாப்ள சர்ட்டிபிகேட்டோட வந்திருக்கான்" என்றான் தோழன்.

சர்ட்டிபிகேட் கையில் இருந்தால் ஆளைப் பார்க்க வேண்டாம் என்பதுதான் நாங்கள் மூவரும் படித்த படிப்பு. ஜன்னலில் லுங்கியைக் கட்டி இருட்டாக்கி, மாப்பிள்ளையைத் தொட்டிக்குள் விட்டோம். அவர் முன்னங்காலால் மரப்பட்டையைத் தட்டினார். கொஞ்ச நேரம் கழித்துப் பெண் பதிலுக்குத் தட்டியது.

"மேளம் வெச்சாச்சு" என்றான் கல்பாக்கத்தான்.

"பேசாம போட்டோ எடு."

"தாலி கட்டும்போது சொல்லுங்க, ஃப்ளாஷ் போடறேன்."

காரியம் முடிந்ததும் பெண் மாப்பிள்ளையைத் தின்ன வந்தது. அதுவும் வழக்கம்தான். தோழன் பிரஷ்ஷைக் குறுக்கே நீட்டிக் காப்பாற்றினான். மாப்பிள்ளை தனி டப்பாவில் மரப்பட்டைக்குப் பின்னால் குடியேறினார். மழைக்காலம் தொடங்கியபோது பெண் முட்டைப் பை கட்டியது. தோழன் அதைக் குழுவில் அறிவித்தான். முதல்முறையாக யாரும் அவனைத் தரகர் என்று கூப்பிடவில்லை.

அதே வாரம் மாப்பிள்ளை காலமானார். ஆணுக்கு ஆயுசு குறைவு. பதப்படுத்தி வைக்கலாம் என்று செய்தித்தாளில் மல்லாக்கப் போட்டு, குண்டூசியால் கால்களை விரித்தேன்.

"இன்னாடா இது, காலு வேற மாரி கீது" என்றேன்.

தோழன் குனிந்து பார்த்தான். வெளுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் பட்டை பட்டையாகக் கறுப்பு. அது வேறு இனம். மாமல்லபுரத்துக்கு போன் போட்டான்.

"அண்ணே, டப்பால ஒரு சட்டை வெச்சீங்களே, அது அவன் உரிச்சதுதானே?"

"யாருக்குப்பா தெரியும்? கூரைல கெடந்துச்சு, எட்த்துப் போட்டேன்."

"ஏண்ணே போட்டீங்க?"

"கண்ணாலத்துக்குப் போறவன் மாத்துத் துணி இல்லாம போவானா? நல்லாக் கேக்கற நீ."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கல்பாக்கத்தான் வந்து சட்டையை லென்ஸ் வைத்துப் பார்த்தான். பெண் பூச்சியின் சட்டையில் வயிற்றுப் பக்கம் உட்புறமாக ஒரு சின்ன மடிப்பு இருக்கும். இதில் இருந்தது. "இது பொம்பள சட்டைடா. மாப்ள வேற யாரோட புடவையையோ எடுத்துனு வந்திருக்காரு" என்றான். ஆண் பெண் பார்க்க அந்த மடிப்பைத்தான் முதலில் தேட வேண்டும் என்பது மூவருக்கும் பாடம். மாப்பிள்ளை ஆண்தான் என்று தெரிந்திருந்ததால் யாரும் தேடவில்லை.

இப்போது தோழன் முன்னால் இரண்டு வழிகள். சொல்லாமல் குஞ்சுகளை அனுப்பலாம். பெரிதாகிக் கால் தூக்கிக் காட்டும்வரை யாருக்கும் தெரியாது. சொன்னால் மறுபடியும் தரகர். மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் அலைந்துவிட்டு, நாலாம் நாள் ஆபீஸிலிருந்து உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினான். பதில்கள் வந்தன. பல் டாக்டர், 'இந்தமுறை ஆண் எது, பெண் எது என்று சரியாகக் கண்டுபிடித்ததற்குப் பாராட்டுகள்' என்று எழுதியிருந்தார். மற்றவர்கள் சொன்னது ஒன்றுதான்: முட்டைப் பையை ஃப்ரீசரில் வைத்துவிடு. அதுதான் முறை.

சுத்தம், கலப்பு என்ற சொற்களை எங்கள் தெருவில் நான் வேறு விஷயத்துக்கு நிறையக் கேட்டிருக்கிறேன். பூச்சிக்கு அதில் நியாயம் உண்டு என்று படித்தும் இருக்கிறேன். இருந்தாலும் ஃப்ரீசர் கதவைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. தோழனுக்கும் வரவில்லை.

கல்பாக்கத்தான்தான் பேசினான். "எங்கப்பா திருநெல்வேலி, எங்கம்மா பாலக்காடு. குவார்ட்டர்ஸ்ல பாத்துக் கட்டிக்கினாங்க. என்னையும் ஃப்ரீசர்ல வெச்சிருப்பீங்களா?"

"உன்ன வெச்சிருக்கலாம்" என்றான் தோழன். பிறகு பையைத் தொட்டியிலேயே விட்டான். "ஒண்ணுகூட இந்த ரூமத் தாண்டிப் போகக் கூடாது. சாகுற வரைக்கும் நாமதான் சோறு போடணும்."

எண்பதுக்கு மேல் குஞ்சுகள் வந்தன. போட்டோ ஸ்டுடியோக்களில் ஃபிலிம் ரோல் டப்பாக்களை வாங்கி, மூடியில் ஊசியால் துளை போட்டு, ஒன்றுக்கு ஒரு டப்பா கொடுத்தோம். மீன் கடையில் விற்கும் புழுவை பிளேடால் நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு வைத்தோம். பாதி சின்னதிலேயே போயிற்று. மீதி வளர்ந்து பெரிய ஜாடி கேட்டது. ஆண்கள் முதலில் போயின. பெண் பூச்சிகளோ, எங்களுக்குக் கல்யாணமாகி வீடு மாறியபோதும் கூடவே வந்தன. யார் கேட்டும் தோழன் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. குழுவில் இப்போது பழைய பட்டப்பெயரைச் சொல்பவர்கள், 'ஆனால் தரகர் சொன்னால் நம்பலாம்' என்று சேர்த்துக்கொள்கிறார்கள்.

கடைசிப் பெண் படூரில் தோழன் வீட்டு பால்கனி அலமாரியில் செத்தது. அன்று மூவரும் உட்கார்ந்து புழு, ஜாடி, தேங்காய் நார், ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொண்டவருக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் குத்துமதிப்பாகக் கூட்டினோம். கூரையில் கிடந்த ஒரு சட்டைக்குப் பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய்.