பாக்கியக்காவின் ஸ்லோ கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் எல்லா வியாதிக்கும் ஒரே பெயர்தான்: ஸ்லோ. டிஸ்க் செத்துக்கொண்டிருந்தாலும் ஸ்லோ, உள்ளே எறும்பு குடியேறியிருந்தாலும் ஸ்லோ, முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பொறுமை இல்லாவிட்டாலும் ஸ்லோ. ஸ்க்ரூ டிரைவரை நம்பிப் பிழைக்கிற என் சகோதரர்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

தொண்ணூறுகளின் நடுவில் நான் மலாக்கா டவுனில் ஒரு சீனர் கடையில் வேலை பார்த்தேன். புது நோட்புக் வாங்க முடியாதவர்களுக்குப் பழைய நோட்புக்கின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பெரிதாக, வேகமாக ஒன்றைப் போட்டுக் கொடுப்பது என் வேலை. கடை முதலாளியான தவுக்கேக்குத் தமிழ் வராது. ஆகவே தமிழர் வீடு என்றால் பெம்பானாக இருந்தாலும் சிம்பாங் அம்பாட்டாக இருந்தாலும் நான்தான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். போன இடமெல்லாம் சிரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். ஒரு வீட்டை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை. அந்த வீட்டுக்குக் கடைசியில் வருகிறேன்.

சந்தனம்

பெம்பானில் ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். நோட்புக் ஆமை மாதிரி நகர்கிறது, டிஸ்க்கை மாற்று என்றார். போய்ப் பார்த்தால் பெட்டியின் பக்கவாட்டில் காற்றுப் போகிற துவாரத்தையே காணோம். ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனம் காய்ந்து சுவராகிவிட்டிருந்தது. பிளாப்பி போடுகிற வாயிலும் பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். பாவம், அது மூச்சு விடவே திணறிக்கொண்டிருந்தது.

பல் குத்தும் குச்சியை வைத்துச் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். டிஸ்க்கையும் மாற்றினேன். "அண்ணே, அடுத்த வருஷம் மூடியில மட்டும் ஒரு பொட்டு வெச்சாப் போதும்" என்று பதமாகச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி லா, பொட்டோட நிறுத்திக்கிறேன். ஆனா அதுக்கப்புறமும் ஸ்லோ ஆச்சுன்னா, சாமிக்குக் குறை வெச்சது நீங்கதான்."

பழசு எங்கே

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய பழைய டிஸ்க்கை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் நல்லதை எடுத்துக்கொண்டு மட்டமானதைப் போட்டுவிட்டான் என்று பேச்சு வரும். பழசை வாங்கி யாரும் எதுவும் செய்யப்போவதில்லை. ஆனாலும் வாங்காமல் விடமாட்டார்கள்.

ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவரிடம், "ஐயா, இது இனிமே ஓடாது, தூக்கிப் போட்டுடுங்க" என்றேன். அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நானும்தான் இனிமே ஓடமாட்டேன். என் மருமக காதுல விழுற மாதிரி இதையெல்லாம் பேசாதீங்க தம்பி."

சாகாம இருந்தா போதும்

இனி பாக்கியக்கா. சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் மலிவு விலை வீடு. ரப்பர் தோட்டம் இருந்த காலத்தில் அக்கா பிள்ளைக் கொட்டகை ஆயா. அம்மாக்கள் பால் மரம் வெட்டப் போனதும் அத்தனை குழந்தைகளும் அக்கா மடியில்தான். தோட்டத்தை விற்று எல்லாரும் வெளியேறிய பிறகு, புருஷனிடம் கற்ற ஜாதகக் கணக்கு சோறு போட்டது. கண்ணில் புரை விழுந்து பஞ்சாங்கம் படிக்க முடியாமல் போனபோது, சிங்கப்பூரில் வேலை செய்கிற மகன் தன் பழைய நோட்புக்கை ஜாதக புரோகிராமோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

நான் போன அன்றைக்கு ஒரு குடும்பம் பொருத்தம் பார்க்க வந்திருந்தது. அக்கா இரண்டு பிறந்த நேரத்தையும் தட்டி, பட்டனை அமுக்கினார். பெட்டி கர்ர்ர் என்றது. டக் என்றது. மறுபடியும் கர்ர்ர். டிஸ்க்கில் தேய்ந்துபோன இடங்களை அது திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கிறது, முடியவில்லை. வந்தவர்களோ கிரகங்கள் நகர்கிற சத்தத்தைக் கேட்பது போல பயபக்தியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா பெண்ணின் அப்பாவைப் பார்த்து, "ஐயா, பிரிண்டர்ல பேப்பர் வந்ததும் கற்பூரம் ஏத்தணும், வீட்டுல தீர்ந்துபோச்சு. கடையில ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார். அவர் வாசலில் நின்ற காடியை ஓட்டிக்கொண்டு போனார். அக்கா பெண்ணைத் தேத்தண்ணி போட அடுப்படிக்கு அழைத்துப் போனார். பெட்டி இங்கே கர்ர், டக் என்று இழுத்துக்கொண்டிருக்க, அடுப்படியில் கரண்டிச் சத்தத்துக்கு நடுவே அந்தப் பெண்ணின் குரல் மெதுவாகக் கேட்க ஆரம்பித்தது. பிறகு அழுகை. அப்பா கற்பூரத்தோடு திரும்பினார், பேப்பரும் வந்தது. அக்கா அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து நிதானமாகப் பார்த்துவிட்டு, "பொருத்தம் குறைவில்லை. ஆனா பிள்ளைக்கு இந்த வருஷம் வேணாம், குரு மாறட்டும்" என்றார். அப்பா தலையாட்டினார்.

அவர்கள் போனதும் சிரித்துக்கொண்டே கேட்டேன், "அக்கா, கற்பூரம் அலமாரியில நிறைய இருக்கே. அப்ப குரு மாறணும்ங்கிறதும் சும்மாவா?" அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கற்பூரம் பொய்தான், ஒத்துக்கிறேன். ஜாதகத்துல நான் பொய் சொல்லமாட்டேன். எந்த ஜாதகத்துலயும் தள்ளிப் போடறதுக்கு ஒரு உண்மையான காரணம் இருக்கும். தேடறதுக்குக் கொஞ்சம் நேரம் வேணும், அந்தப் பிள்ளை வாயைத் திறக்கறதுக்கும் கொஞ்சம் நேரம் வேணும். அவ்வளவுதான்."

டிஸ்க் ரொம்ப நாள் தாங்காது என்று சொன்னேன். புதுசு போட்டால் பெட்டி பறக்கும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். நம் தொழிலில் வாய்க்கு மட்டும் பஞ்சமே இல்லை. அக்கா கவலையாகப் பெட்டியைத் தடவினார்.

"பறக்கவெல்லாம் வேணாம் தம்பி. சாகாம இருந்தா போதும்."

பத்துக்கு எட்டு

டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், அது அடுத்த மூச்சு விடுமா விடாதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து, உள்ளே இருந்ததையெல்லாம் புதுசுக்கு மாற்றினேன். ஒரு ஃபைல் கூடச் சேதமில்லை. இதை இப்போதும் பெருமையாகத்தான் சொல்வேன். பழசைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, புதுசை மாட்ட சிம்பாங் அம்பாட்டுக்குப் போனேன்.

மாட்டி முடிப்பதற்குள் வாசலில் ஒரு காடி வந்து நின்றது. லோரி ஓட்டுகிற ஒரு அண்ணன், அவர் மகள் தேவி. தேவிக்குக் குருபோங்கில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. ஜொகூரிலிருந்து ஒரு வரன். அக்கா தேவியைப் பார்த்ததும், "வாடி, என் மடியில வளர்ந்த கழுதை" என்று கன்னத்தைக் கிள்ளினார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். எனக்கே தெரிந்தது, அக்காவுக்குத் தெரியாமலா இருக்கும். அவர் பட்டனை அமுக்கிவிட்டு வழக்கம்போல, "ஐயா, கற்பூரம் தீர்ந்துபோச்சு" என்று ஆரம்பித்தார். தேவியை அடுப்படிப் பக்கம் தள்ளிக்கொண்டு நடந்தார். அண்ணன் வாசலில் குனிந்து ஒரு கால் சிலிப்பரைப் போட்டிருப்பார்.

கர்ரும் இல்லை, டக்கும் இல்லை. பிரிண்டர் கிறீச்சென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. நான் பேயாட்டம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அண்ணன் போட்ட சிலிப்பரைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பேப்பரைக் கிழித்துக் கையில் எடுத்தார். அக்கா அடுப்படி வாசலில் திரும்பிப் பார்த்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் தேவி, வாய் பாதி திறந்தபடி. "ஐயா, கொஞ்சம் இருங்க, நான் நிதானமாப் பார்த்து..." என்றார் அக்கா. அண்ணன் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"கம்ப்யூட்டரே பத்துக்கு எட்டுன்னு சொல்லிடுச்சே அக்கா, இன்னும் என்ன பார்க்கறது? நாளைக்கே மாப்பிள்ளை வீட்டுக்கு போன் போட்டுட வேண்டியதுதான்."

பழசையே போடு

சில மாதம் கழித்து அக்காவே கடைக்கு போன் செய்து என்னைக் கூப்பிட்டார். போனபோது வாசல் நிறைய செருப்பு. பாக்கியக்கா வீட்டில் உட்காரவே வேண்டாம், போன காலோடு பேப்பர் என்று பேச்சு பரவியிருந்தது. ஜாசினிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். காடி எஞ்சினைக் கூட நிறுத்தாமல் வந்து வாங்கிப் போனார்கள். வேறு யாராக இருந்தாலும் எனக்கு ஒரு வேட்டி துண்டாவது எடுத்துக் கொடுத்திருப்பார்கள். அக்கா பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "பழசையே போட்டுடு தம்பி" என்றார்.

போட்டுப் பார்த்தேன், உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும். ஒரு தடவை டக் என்றது, அதற்கப்புறம் பேச்சுமூச்சில்லை. "அக்கா, உயிர் போயிடுச்சு. வேணும்னா ஒரு வழி இருக்கு. பட்டனை அமுக்கினா சும்மாவே கொஞ்ச நேரம் நிக்கிற மாதிரி புரோகிராம் எழுதிக் கொடுத்துடறேன். பழைய மாதிரியே காத்திருப்பாங்க" என்றேன். அக்கா பழைய டிஸ்க்கைத் திரும்பப் பையில் போட்டார். வேண்டாம் என்றார். பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்களேன் என்றேன். "கேட்டா, அப்பா சொல்றதுதான்னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்குதுங்க. சும்மா உக்காந்திருந்தாத்தான் அதுங்களுக்குப் பேச்சு வரும்" என்றார். அப்படியென்றால் நான் சொன்னபடி நிறுத்தி வைப்பதில் என்ன தப்பு என்று விடாமல் கேட்டேன்.

"அது வேலையை முடிச்சிட்டு நிக்கும், நான் இன்னும் முடியலைன்னு சொல்லணும். கற்பூரத்துக்குப் பொய் சொல்லலாம் தம்பி, கட்டத்துக்குச் சொல்லக்கூடாது."

நானும் ஸ்லோன்னுதான் வந்தேன்

அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில் அக்கா பொருத்தம் பார்ப்பதை விட்டுவிட்டார். பிறந்த குழந்தைக்கு ஜாதகம் மட்டும் எழுதுகிறார் என்று கேள்விப்பட்டேன். ஏன் என்று போய்க் கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

நான் டவுனில் சொந்தமாக ஒரு சின்னக் கடை போட்ட பிறகு, ஒரு மத்தியானம் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். தோளில் பழைய நோட்புக் ஒன்று. சாயங்கால வகுப்புக்குப் போகிறாளாம், படிக்கிறதுக்கு வாங்கினதாம், ரொம்ப ஸ்லோவாம். டிஸ்க்கை மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தேன். "நீங்கதானே அண்ணே அன்னிக்குப் பாக்கியக்கா வீட்டுல இருந்தீங்க?" என்றாள். தேவி.

நல்லா இருக்கியாம்மா என்று கேட்டுத் தொலைத்தேன். ஜொகூரிலிருந்து திரும்பி வந்து அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். மறுபடியும் குருபோங்கில் வேலை. அப்பா இவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பத்துக்கு எட்டு வந்த பேப்பர் மட்டும் இன்னும் சாமி ரூமில் இருக்கிறதாம். "கட்டினவரு கெட்டவர் இல்ல அண்ணே. எனக்கு மனசு ஒட்டல. இன்னும் படிக்கணும்னு இருந்துச்சு. ரெண்டு பேருக்குமே வீண்" என்றாள். பாக்கியக்காவிடம் சொல்லியிருந்தால் அக்கா எப்படியாவது தள்ளிப் போட்டிருப்பாரே என்று கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். கேட்ட உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"சொல்லத்தான் அண்ணே அடுப்படிக்குப் போனேன். வாயெடுத்தேன், பேப்பர் வந்துருச்சு."

அன்றிலிருந்து யார் வந்து ஸ்லோ என்று பெட்டியை மேசையில் வைத்தாலும், முதலில் உட்காரவைத்து ஒரு தேத்தண்ணி கொடுத்துவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறேன். மலாக்காவிலேயே ரொம்ப ஸ்லோவான ரிப்பேர் கடை என்று எனக்கு இப்போது பெயர்.