பறக்கும் தட்டுக்கு ரிட்டர்ன் லோடு

சங்ககிரி லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்த உபகாரசாமி அண்ணன், வந்து நிற்கும் ஒவ்வொரு லாரியின் தார்ப்பாயையும் ஓரத்தில் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்த பிறகுதான் டிரைவரிடம் பேசுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் ஒரு நாள், முந்தின மாலை சங்ககிரி மலைக்கோட்டைக்கு மேல் பறக்கும் தட்டைப் பார்த்ததாகச் சொல்லி, டிரைவர் பொன்னன் லாரியில் ஏற மறுத்தான். ஏறாவிட்டால் வேலை போய்விடும். மற்ற டிரைவர்கள் கேலி செய்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"அத்தன தூரத்துல இருந்து எதுக்கு வாராங்க சாமி?"

"நம்மள நோட்டம் பாக்கத்தானுங்க."

"நோட்டம் பாக்க எவனாச்சும் டீசல் எரிப்பானா? திரும்பிப் போறப்ப ஏத்திட்டுப் போக ரிட்டர்ன் லோடு வேணுமல்லோ? இங்க கெடைக்கறது ஜவ்வரிசி. அதுக்கும் நம்மகிட்டத்தான் புக்கிங் போடோணும்!"

பொன்னன் வாய்விட்டுச் சிரித்தான்; சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

பொன்னன் தட்டைப் பார்த்த அந்த மாலை, கோட்டைக்கு மேல் அதே வெளிச்சத்தை அண்ணனும் பார்த்திருந்தார் என்று, அவர் மனைவி அன்னாள் அக்கா வெகுநாள் கழித்துச் சொன்னார்.